இரண்டே சொற்கள்! சிறைப்பட்டவர்கள் 1,100 பேர்!

நம்பிக்கையையும் கவலையையும் சொல்லும் ஆங்கில வார்த்தைகளின் கதை

அது 1961-ம் ஆண்டு, பிப்ரவரி மாதத் தொடக்கம்.

அமெரிக்காவின் புதிய ஜனாதிபதி ஜான் கென்னடி பதவி ஏற்று இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. அப்போது அவருக்கு வயது 43.

அவருடைய சர்க்காருக்கு ஓர் இரகசிய அறிக்கை வந்தது. முப்படைகளின் தளபதிகள் தயாரித்த அறிக்கை அது.

அமெரிக்காவுக்குத் தெற்கே, கடலுக்கு நடுவில், கியூபா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே 1959-ம் ஆண்டு பிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தார். அவரைப் பிடிக்காத கியூபாக்காரர்கள் பலர் அமெரிக்காவுக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு அமெரிக்க உளவு இலாகா துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தது. அவர்களைக் கப்பலில் ஏற்றிக் கியூபாவில் இறக்குவது, காஸ்ட்ரோவைக் கவிழ்ப்பது. இதுதான் திட்டம்.

"இந்தத் திட்டம் பலிக்குமா?" என்பது கேள்வி.

தளபதிகள் நீளமாகப் பதில் எழுதினார்கள். அதன் சாரம் இரண்டே சொற்கள்தான்.

"ஃபேர் சான்ஸ்."

"ஓரளவு வாய்ப்பு உண்டு" என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

அந்த இரண்டு சொற்களைப் படித்தவர்கள் மகிழ்ந்தார்கள். "ஃபேர்" என்றால் ஆங்கிலத்தில் "நியாயமான" என்றும் பொருள் உண்டு. "அழகான" என்றும் பொருள் உண்டு. நல்ல சொல்தானே! "வெற்றிக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று தளபதிகளே சொல்லி விட்டார்கள்" என்று ஜனாதிபதியும் ஆலோசகர்களும் எடுத்துக் கொண்டார்கள்.

ஏப்ரல் 17-ந் தேதி அதிகாலை. சுமார் 1,400 பேர் கியூபாவின் தென்கரையில், பன்றி வளைகுடா என்ற இடத்தில் இறங்கினார்கள்.

மூன்றே நாட்கள்! எல்லாம் முடிந்து விட்டது.

காஸ்ட்ரோவின் படை அவர்களைச் சூழ்ந்து கொண்டது. இறங்கியவர்களில் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். 1,100 பேருக்கு மேல் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். 1962-ம் ஆண்டு டிசம்பரில்தான் அவர்கள் விடுதலை ஆனார்கள். அதற்காகக் கியூபாவுக்கு 5 கோடியே 30 லட்சம் டாலர் பெறுமான உணவும் மருந்தும் கொடுக்க வேண்டியதாயிற்று.

பொறுப்பை ஜனாதிபதி கென்னடியே ஏற்றுக் கொண்டார்.

"100-க்கு 30 என்றுதான் நினைத்தோம்!"

பிறகுதான் உண்மை வெளிவந்தது.

அந்தத் திட்டத்தைப் பரிசீலனை செய்த குழுவின் தலைவர் டேவிட் கிரே என்ற படை அதிகாரி. "ஃபேர் சான்ஸ் என்று எழுதினீர்களே, எவ்வளவு வாய்ப்பு என்று நினைத்து எழுதினீர்கள்?" என்று பிற்காலத்தில் அவரிடம் கேட்டார்கள்.

"100-க்கு 30" என்றார் அவர்.

அதாவது, வெற்றிக்கு 30 பங்கு. தோல்விக்கு 70 பங்கு!

"100-க்கு 30" என்ற எண்ணையே அறிக்கையில் எழுதியிருந்தால்? படிப்பவர் நெஞ்சு திடுக்கிட்டிருக்கும். "தோற்பதற்கே அதிக வாய்ப்பு" என்று சிறு பிள்ளைக்குக் கூடப் புரிந்திருக்கும். ஆனால் எண் போய் விட்டது. அதன் இடத்தில் இரண்டு இனிய சொற்கள் வந்து உட்கார்ந்தன.

தோல்விக்கு இது ஒன்றே காரணம் அல்ல. இறங்கும் இடத்தைப் பிறகு மாற்றினார்கள். இரண்டாம் முறை செய்ய வேண்டிய விமானத் தாக்குதலைக் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். ஆனாலும், எழுதியவர் நினைத்தது ஒன்று, படித்தவர் நினைத்தது வேறு என்பது உண்மை.

ஒரே மேகம், மூன்று சொற்கள்

வரப்போவதைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் மூன்று முக்கியமான சொற்கள் உண்டு. "ஹோப்", "ஃபியர்", "எக்ஸ்பெக்ட்."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக் கொள்வது வழக்கம். ஒரு சிறு உதாரணத்தால் விளங்கிக் கொள்ளலாம்.

வானத்தில் கருமேகம் திரண்டிருக்கிறது. நிலத்தை உழுது போட்டுவிட்டுக் காத்திருக்கும் விவசாயி அதைப் பார்க்கிறார். மழை வர வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் சொல்ல வேண்டியது "ஹோப்." ஆசையும் இருக்கிறது, நடக்கக் கூடும் என்ற நினைப்பும் இருக்கிறது.

பக்கத்திலேயே செங்கல் சூளைக்காரர் இருக்கிறார். பச்சைக் கல்லை வெயிலில் அடுக்கி வைத்திருக்கிறார். மழை வந்தால் அத்தனையும் கரைந்து போகும். அவர் சொல்ல வேண்டியது "ஃபியர்." நடக்கக் கூடாது என்பது ஆசை, நடந்து விடுமோ என்பது கவலை.

வானிலை அதிகாரி ஒருவரும் அதே மேகத்தைப் பார்க்கிறார். அவருக்கு ஆசையும் இல்லை, அச்சமும் இல்லை. காற்றையும் ஈரத்தையும் அளந்து பார்த்து, "மழை வரும்" என்று சொல்லுகிறார். அவர் சொல் "எக்ஸ்பெக்ட்."

மேகம் ஒன்று. மழை ஒன்று. பார்ப்பவர் மனத்துக்குத் தக்கபடி சொல் மட்டும் மாறுகிறது!

இந்தச் சொற்களுக்கு முன்னால் ஆங்கிலேயர் "ரீஸன்" என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். காரணம் என்று பொருள். "எவ்ரி ரீஸன் டு ஹோப்" என்றால், நம்புவதற்கு எல்லாக் காரணங்களும் இருக்கின்றன. "குட் ரீஸன்" என்றால் நல்ல காரணம் இருக்கிறது. "சம் ரீஸன்" என்றால் ஏதோ கொஞ்சம் காரணம் இருக்கிறது. இப்படிப் படிப்படியாக இறங்கும்.

கவலைக்கும் இப்படியே படிகள் உண்டு. "காஸ் ஃபார் கன்சர்ன்" என்றால் கவலைப்படக் காரணம் உண்டு. "நோ காஸ் ஃபார் அலார்ம்" என்றால் கலவரப்படக் காரணம் இல்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், "கலவரப்பட வேண்டாம்" என்று அதிகாரி ஒருவர் அறிவித்த பிறகுதான் ஜனங்கள் கலவரப்படத் தொடங்குவார்கள்!

இன்னும் இரண்டு வேடிக்கைகள் உண்டு. "ஐ ஆம் அஃப்ரெயிட்" என்றால் நேர்ப் பொருள் "நான் பயப்படுகிறேன்." ஆனால் லண்டனில் ஒரு கடைக்காரர், "ஐ ஆம் அஃப்ரெயிட், சர்க்கரை இல்லை" என்று சொன்னால், அவர் பயந்து நடுங்குகிறார் என்று நினைக்கக் கூடாது. "மன்னிக்க வேண்டும்" என்பதுதான் அதன் பொருள்.

"சம் ஹோப்" என்றால் "கொஞ்சம் நம்பிக்கை." ஆனால் ஆங்கிலேயர் ஒருவர் உதட்டைச் சுழித்துக் கொண்டு "சம் ஹோப்!" என்றால், "நடந்த மாதிரிதான்!" என்று அர்த்தம். சொல் ஒன்றுதான். குரல் மாறினால் பொருள் தலைகீழ்!

மலை மேல் ஒரு பட்டாளம்

குறைத்துச் சொல்லுவது ஆங்கிலேயரின் பழக்கம். வீடு பற்றி எரிந்தால் கூட, "கொஞ்சம் சூடாக இருக்கிறது" என்பார்கள் என்று அவர்களைப் பற்றிக் கேலியாகச் சொல்லுவது உண்டு. கேலி ஒரு நாள் வினையாகவே முடிந்தது.

1951-ம் ஆண்டு. கொரியாவில் யுத்தம் நடந்து கொண்டிருந்தது. ஏப்ரல் 22-ந் தேதி இரவு, சீனப் படை இம்ஜின் என்ற ஆற்றைக் கடந்து வெள்ளம் போல் வந்தது.

எதிரே நின்றது ஒரு பிரிட்டிஷ் படை. அதில் குளோஸ்டர் பட்டாளம் என்ற பிரிவு ஒரு குன்றின் மேல் இருந்தது. அதன் தலைவர் கர்னல் கார்ன்.

இரண்டு நாட்கள் இரவும் பகலும் சண்டை. குன்றைச் சீனர்கள் சுற்றி வளைத்து விட்டார்கள். தண்ணீர் குறைந்தது. தோட்டா குறைந்தது. உதவிக்குச் சென்ற டாங்கிப் படை வழி கிடைக்காமல் திரும்பியது.

பிரிட்டிஷ் படையின் தலைவர் பிரோடி. அவருக்கு மேல் அதிகாரி அமெரிக்க ஜெனரல் சோல். "நிலைமை எப்படி?" என்று அமெரிக்க ஜெனரல் கேட்டார்.

"கொஞ்சம் ஸ்டிக்கியாக இருக்கிறது" என்று பிரோடி பதில் சொன்னதாகக் கூறுகிறார்கள்.

"ஸ்டிக்கி" என்றால் பிசுபிசு என்று ஒட்டுவது. பிரிட்டிஷ் அதிகாரி வாயில் அந்தச் சொல் வந்தால், "உயிர் தப்புவதே கஷ்டம்" என்று பொருள். கூட இருக்கும் ஆங்கிலேயருக்கு அது உடனே புரியும். ஆனால் கேட்டவர் அமெரிக்கர். அவருக்கு, "கொஞ்சம் தொல்லைதான், சமாளித்துக் கொள்வார்கள்" என்று பட்டது. உடனே பின்வாங்கச் சொல்லி அவர் உத்தரவு போடவில்லை.

25-ந் தேதி காலையில் காலம் கடந்து விட்டது. தப்ப முடிந்தவர்கள் தப்புங்கள் என்ற உத்தரவு வந்தபோது, தப்பியவர்கள் சிலரே. 59 பேர் மாண்டார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். கர்னல் கார்னும் கைதானார். 1953-ல் விடுதலையான அவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை கிடைத்தது.

பேசியவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். கேட்டவரும் ஆங்கிலம் பேசுபவர்தான். ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை!

பேராசிரியர் வைத்த பரீட்சை

அதே 1951-ம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகரில் இன்னொரு சம்பவம் நடந்தது.

ஷெர்மன் கென்ட் என்று ஒரு சரித்திரப் பேராசிரியர் இருந்தார். ஏல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். பிறகு உளவு இலாகாவில் பெரிய பதவிக்கு வந்தார். உலகத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று கணித்துச் சொல்லுவது அவருடைய அலுவலகத்தின் வேலை.

அந்த ஆண்டு அவர்கள் யூகோஸ்லாவியா நாட்டைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார்கள். ரஷியாவின் பக்கம் இருக்கும் நாடுகள் யூகோஸ்லாவியாவைத் தாக்குமா என்பது கேள்வி. "சீரியஸ் பாஸிபிலிட்டி" என்று எழுதினார்கள். "நடக்கக் கூடும் என்று கருத்தோடு எண்ண வேண்டியது" என்று பொருள் கொள்ளலாம்.

சில நாட்கள் கழித்து, வெளிநாட்டு இலாகாவின் உயர் அதிகாரி ஒருவர் கென்ட்டைச் சந்தித்தார்.

"அந்தச் சொல்லுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டார்.

"தாக்குவதற்கு 65, தாக்காமல் இருப்பதற்கு 35" என்றார் கென்ட்.

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பெரிய ஆபத்து என்று அவர் நினைக்கவே இல்லை!

கென்ட்டுக்குச் சந்தேகம் வந்தது. "படித்தவர்தான் தவறாகப் புரிந்து கொண்டாரா? அல்லது எழுதியவர்களுக்குள்ளேயே குழப்பமா?"

கூட இருந்து அந்த அறிக்கையைத் தயாரித்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர், "100-க்கு 80" என்றார். இன்னொருவர், "100-க்கு 20" என்றார். மற்றவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்.

எல்லோரும் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதம் கொடுத்தவர்கள். ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு எண்!

நல்ல வேளை, யூகோஸ்லாவியாவை யாரும் தாக்கவில்லை. ஆனால் கென்ட்டுக்கு அந்த அனுபவம் மறக்கவில்லை. பல ஆண்டுகள் யோசித்தார். 1964-ம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண்ணை நிர்ணயம் செய்ய வேண்டும் என்றார்.

அவர் போட்ட கணக்கு இது:

"ஆல்மோஸ்ட் செர்ட்டன்", அதாவது ஏறக்குறைய நிச்சயம் என்றால், 100-க்கு 93 வாக்கில்.

"பிராபபிள்", அதாவது நடக்கும் போல் இருக்கிறது என்றால், 75 வாக்கில்.

"சான்ஸஸ் அபவுட் ஈவன்", அதாவது பாதிக்குப் பாதி என்றால், 50 வாக்கில்.

"பிராபப்ளி நாட்", அதாவது நடக்காது போல் இருக்கிறது என்றால், 30 வாக்கில்.

"ஆல்மோஸ்ட் செர்ட்டன்லி நாட்", அதாவது ஏறக்குறைய நடக்கவே நடக்காது என்றால், 7 வாக்கில்.

இதைக் கண்டு சில அதிகாரிகள் சிரித்தார்கள். "இது என்ன குதிரைப் பந்தயக் கணக்கா?" என்று கேலி செய்தார்கள். கென்ட் அசரவில்லை. மழுப்பலாக எழுதுகிற கவிஞனாக இருப்பதைவிட, பந்தயக் கணக்குச் சொல்லுபவனாக இருப்பதே மேல் என்று பதில் கொடுத்தாராம்.

இன்று அமெரிக்க உளவு இலாகாவின் பயிற்சிப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மன்னரின் நோயும் மருத்துவரின் சொல்லும்

சண்டையிலும் அரசியலிலும் மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலும் இதே கதைதான்.

1936-ம் ஆண்டு ஜனவரி மாதம். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நோயாகப் படுத்தார். அப்போது இந்தியாவுக்கும் அவரே சக்கரவர்த்தி. வயது 70.

17-ந் தேதி மருத்துவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். மார்ச் சளி கடுமையாக இல்லை என்றும், ஆனால் இருதயத்தில் பலவீனத்தின் அறிகுறிகள் தெரிகின்றன என்றும், அது "கொஞ்சம் மன அமைதிக் குறைவை" உண்டாக்குகிறது என்றும் அதில் இருந்தது.

"சம் டிஸ்கொயட்." எவ்வளவு மெல்லிய சொல்! ஆனால் அரண்மனையின் பாஷை தெரிந்தவர்களுக்கு அது போதும். மன்னர் பிழைப்பது கடினம் என்று அவர்கள் புரிந்து கொண்டார்கள். பாஷை தெரியாதவர்கள், "கொஞ்சம்தானே" என்று ஆறுதல் அடைந்திருக்கக் கூடும்.

மூன்றே நாட்கள் சென்றன. 20-ந் தேதி இரவு 9-30 மணி வாக்கில், அரண்மனை மருத்துவர் டாஸன் பிரபு, சாப்பாட்டு மேஜையில் கிடந்த ஓர் உணவுப் பட்டியல் அட்டையை எடுத்தார். அதில் ஒரு வாக்கியம் எழுதினார். மன்னரின் வாழ்வு அமைதியாகத் தன் முடிவை நோக்கிச் செல்கிறது என்பதே அது. அந்த வாக்கியத்தை ரேடியோவில் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

நள்ளிரவுக்கு 5 நிமிஷம் இருக்கும்போது மன்னர் காலமானார்.

முதல் அறிவிப்பைப் பலவிதமாகப் புரிந்து கொள்ளலாம். கடைசி அறிவிப்பை ஒரே விதமாகத்தான் புரிந்து கொள்ள முடியும். கடுமையான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. உண்மையும் மறைக்கப்படவில்லை. நாடு முழுவதும் துக்கத்துக்கு மனத்தைத் தயார் செய்து கொண்டது.

"காணவில்லை"

மன்னர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அதே ஜனவரி 18-ந் தேதி, இன்னொரு பிரபல ஆங்கிலேயர் இறந்தார். அவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். பம்பாயில் பிறந்தவர். 1907-ல் நோபல் பரிசு பெற்றவர். காட்டு விலங்குகளோடு வளர்ந்த மோக்லி என்ற சிறுவனின் கதையை எழுதியவர் இவர்தான்.

இவர் வாழ்வையும் ஒரு சொல் ஆட்டி வைத்தது.

முதல் உலக யுத்தம். கிப்ளிங்கின் ஒரே மகன் ஜான். கண் பார்வை மிகவும் குறைவு என்று பட்டாளத்தில் அவனைச் சேர்க்க மறுத்தார்கள். தந்தை தமக்குத் தெரிந்த பெரிய தளபதி ஒருவரிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார்.

1915-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி. பிரான்ஸ் தேசத்தில் லூஸ் என்ற இடத்தில் சண்டை. ஜானுக்கு 18 வயது நிரம்பி ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

சில நாட்களில் வீட்டுக்குத் தந்தி வந்தது. காயம் அடைந்தான், காணவில்லை என்று அதில் இருந்தது.

"இறந்தான்" என்று இல்லை. "காணவில்லை" என்றுதான் இருந்தது.

யுத்த காலத்துத் தந்திகளில் மூன்று விதமான வாசகங்கள் உண்டு. "கொல்லப்பட்டார்" என்பது ஒன்று. "காணவில்லை, கொல்லப்பட்டதாக நம்பப்படுகிறது" என்பது இரண்டாவது. வெறும் "காணவில்லை" என்பது மூன்றாவது. முதல் தந்தி வந்த வீட்டில் அழுகை. மூன்றாவது தந்தி வந்த வீட்டில் அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. வாசலில் காலடிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் தாய் எழுந்து ஓடுவாள்.

கிப்ளிங்கும் அவர் மனைவியும் மகனைத் தேடினார்கள். மருத்துவமனைகளுக்குப் போனார்கள். சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். "என் மகனைப் பார்த்தாயா?" என்பதே கேள்வி. ஆண்டுகள் சென்றன. விடை கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

பெயர் தெரியாமல் ஒரு கல்லறையில் கிடப்பவர் ஜான்தான் என்று யுத்தக் கல்லறைக் கமிஷன் அறிவித்தது 1992-ம் ஆண்டில்! 77 ஆண்டுகளுக்குப் பிறகு! அப்போது தந்தையும் இல்லை, தாயும் இல்லை.

நம்புவதற்குக் காரணம் இருக்கும்போது நம்பிக்கை மனிதனைத் தாங்குகிறது. காரணம் என்ன என்றே தெரியாத நம்பிக்கை மனிதனை அரிக்கிறது.

சட்டம் கேட்கும் காரணம்

"காரணம் இருக்கிறதா?" என்ற கேள்வியைச் சட்டமும் கேட்கிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியில், 1860-ம் ஆண்டு, இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதில் 26-வது பிரிவு "ரீஸன் டு பிலீவ்" என்ற தொடருக்கு விளக்கம் தந்தது. "நம்பக் காரணம்" என்று பொருள். போதுமான காரணம் இருந்தால்தான் ஒருவருக்கு "நம்பக் காரணம் இருந்தது" என்று சொல்லலாம். இல்லாவிட்டால் சொல்லக் கூடாது என்று அந்தப் பிரிவு கூறியது.

ஒருவர் கடைக்கு வருகிறார். ஐந்து பவுன் சங்கிலியை ஒரு பவுன் விலைக்குக் கொடுக்கிறார். ரசீது இல்லை. பெயர் கேட்டால் விழிக்கிறார். கடைக்காரர் வாங்கிப் போட்டுக் கொள்கிறார். பிறகு, "திருட்டு நகை என்று எனக்குத் தெரியாது" என்கிறார். சட்டம் அதோடு விடாது. "தெரியாமல் இருக்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு மேலே போய், நம்புவதற்கே போதுமான காரணம் கண் எதிரே இருந்ததா?" என்று கேட்கும்.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்து விட்டது. ஆனாலும் "நம்பக் காரணம்" என்பதற்கான அந்த விளக்கம் புதிய சட்டத்திலும் இருக்கிறது.

மழைக்கும் மருந்துக்கும் கணக்கு

ஷெர்மன் கென்ட் கேட்டது இன்று பல இடங்களில் நடைமுறைக்கு வந்து விட்டது.

"ஓரிரு இடங்களில் மழை பெய்யக் கூடும்" என்று வானிலை அறிவிப்பில் வருகிறது. இது வாய்க்கு வந்தபடி சொல்லுவது அல்ல. ஒரு பகுதியில் மழை அளக்கும் நிலையங்கள் 100 இருந்தால், அவற்றில் 25 வரை மழை பதிவாகும் என்பது அதன் கணக்கு. 26 முதல் 50 வரை என்றால் "ஒரு சில இடங்கள்." 75-க்கு மேல் போனால் "பெரும்பாலான இடங்கள்." கேட்பவர்களில் பலருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அதனால்தான், "எங்கள் தெருவில் ஒரு சொட்டுக் கூட விழவில்லையே!" என்று வானிலை இலாகாவைத் திட்டுகிறார்கள்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஆங்கிலக் காகிதத்திலும் இப்படியே. மருந்தால் வரக் கூடிய தொல்லைகளை அதில் எழுதியிருப்பார்கள். ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஒரு விதி உண்டு. "காமன்" என்றால், அந்த மருந்தைச் சாப்பிடும் 100 பேரில் 1 முதல் 10 பேர் வரை அந்தத் தொல்லை வரலாம். "ரேர்" என்றால், 10,000 பேரில் 1 முதல் 10 பேர். "வெரி ரேர்" என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு.

"காமன்" என்ற சொல்லைப் பார்த்து விட்டு, "எல்லோருக்கும் வருமாம்!" என்று பயந்து மருந்தை நிறுத்துபவர் உண்டு. கணக்குத் தெரிந்தால் அந்தப் பயம் வராது. 100 பேரில் 90 பேருக்கோ அதற்கு மேலோ அந்தத் தொல்லை வருவதில்லை அல்லவா?

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

எண் மட்டும் போதுமா? போதாது. மகனைத் தேடும் தாயிடம் போய், "100-க்கு 7" என்று சொல்லி விட்டு நடக்க முடியாது. ஆறுதல் சொல்லச் சொற்கள்தான் வேண்டும். ஆனால் ஆறுதல் சொல்லும் சொல், உண்மையை மூடும் போர்வையாக ஆகி விடக் கூடாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "சான்ஸ் இருக்கிறது" என்று சொல்லுகிறார். வீட்டார் அந்தச் சொல்லைப் பிடித்துக் கொண்டு ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். அண்ணன், "பிழைத்து விடுவார்" என்கிறான். தம்பி, "நம்பிக்கை இல்லை" என்கிறான். இருவர் கேட்டதும் ஒரே சொல்தான்!

அப்போது தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது: "டாக்டர், இந்த மாதிரி நோயாளிகள் 100 பேர் வந்தால், எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்? எதை வைத்துச் சொல்லுகிறீர்கள்?"

எவ்வளவு? எதனால்? இந்த இரண்டையும் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

1961-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், வாஷிங்டன் நகரில், "ஃபேர் சான்ஸ் என்றால் 100-க்கு எவ்வளவு?" என்று யாராவது ஒருவர் அழுத்திக் கேட்டிருந்தால், 1,400 பேர் கப்பல் ஏறும் முன்பே "100-க்கு 30" என்ற பதில் கிடைத்திருக்கும்.